முழுசாகக் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்: கிராமி வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிராமி இசை விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ராப் கலைஞர் நாஸின் ‘இல்மாட்டிக்’ ஆல்பத்தில் ‘ஒன் லவ்’ என்றொரு பாட்டு உண்டு. சிறையில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதமாகவே அது போகிறது. மகன் பிறந்திருக்கிறானாமே, உன் சாடையாமே என்று விசாரிக்கிறது. தெருவில் யார் யார் என்ன ஆனார்கள் என்று சேதி சொல்கிறது. அதை எழுதிய நாஸுக்கு ஆல்பம் வெளியானபோது 20 வயது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இன்னொரு பாட்டு முடியும் இடத்தில் அவருடைய அப்பா ஓலு தாரா கார்னெட் என்ற, டிரம்பெட் போன்ற ஊதுகருவியை வாசிக்கிறார். மகனின் சோர்ந்த வரிகளை அப்பாவின் மூச்சு தாங்கிப் பிடிக்கிற அந்த இடத்தை என்னால் இன்றும் சும்மா கடக்க முடிவதில்லை.

1994 ஏப்ரலில் வந்த அந்த முதல் ஆல்பத்துக்கு ஹிப்-ஹாப் இதழான ‘தி சோர்ஸ்’ தன் உச்ச மதிப்பெண்ணான ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்தது. விற்பனை மெதுவாகத்தான் ஏறியது: 1996-ல் கோல்ட் (அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகள்), 2001-ல் பிளாட்டினம் (பத்து லட்சம்). நீங்களோ அதைப் பரிந்துரைக்கக்கூட இல்லை.

ராப் ஆல்பத்துக்கென்று தனி விருது 1996-ல்தான் வந்தது, தெரியும். ஆனால் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதுக்குக் கதவு திறந்துதானே இருந்தது? 1999-ல் லாரின் ஹில்லின் முதல் தனி ஆல்பத்துக்கு அதைக் கொடுத்தீர்கள், 2004-ல் ராப் இரட்டையரான அவுட்காஸ்டுக்கு. ஆக, உங்களால் முடியாத காரியமல்ல. அப்புறம் 2014, 2016, 2018 ஆண்டுகளில் ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரைப் பட்டியலில் வைத்தீர்கள். மூன்று முறையும் விருது வேறு பக்கம் போனது.

நாஸ் முதல் கிராமி வாங்கியது 2021 மார்ச்சில், வேறொரு ஆல்பத்துக்காக. அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘இல்மாட்டிக்’கைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. காத்து வைக்க வேண்டிய ஒலி என்று நூலகத்துக்குத் தெரிந்தது, இசைக்காரர்களான உங்களுக்கு அது வந்த ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த ஆண்டும் யாரோ ஒருவரின் முதல் ராப் ஆல்பம் உங்கள் பட்டியலுக்கு வரும். முதல் வார விற்பனையைப் பார்க்காதீர்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘இல்மாட்டிக்’குக்கே நாற்பது நிமிடம் போதும். அவ்வளவு நேரம் ஒதுக்க முடியாதென்றால், அந்தப் பிரிவில் வாக்களிக்காமல் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ராப் ரசிகன்