துண்டில் யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், இலங்கை பட்ட கடனை நாட்டு மக்கள் எல்லோரும்தான் சுமக்க வேண்டும், வாக்குப் போட்டது நாம்தானே என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் 'எல்லோரும்' என்ற அந்த ஒரு சொல் என் தொண்டைக்குள் இறங்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் பேரும் சம்பளமும் பதிகிற ஏடு, எழுதியவன் நான். யார் பெயரில் எவ்வளவு பிடித்தம் என்று மாதாமாதம் கையால் எழுதியவன்.

எங்கள் அப்பாயி சின்ன வயதில் துண்டுக் காலத்தைப் பார்த்தவர். இன்றைய பிள்ளைகளுக்குத் துண்டு என்றால் தோளில் போடுவதுதான் தெரியும். அன்று அது ஒரு கடதாசி. ஆட்களைக் கூட்டிவந்த இந்தக் கங்காணியும் அவர் ஆட்களும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தை நடத்துகிற துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். முன்பணம் வாங்குவது பெரிய கங்காணி, கடன் ஏறுவது ஆட்கள் தலையில். "எங்கப்பன் கண்ணால பாக்காத காசுக்கு நான் கொழுந்து எடுத்தேன்டா" என்று அப்பாயி சொல்லுவார். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தபோது எனக்கு அந்தக் கடதாசிதான் ஞாபகம் வந்தது.

எல்லாக் கடனும் கெட்ட கடன் என்று நான் சொல்லவில்லை. தலவாக்கலையில் இருக்கிற எவரும் அப்படிச் சொல்ல முடியாது. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் ஜப்பான் கடனில் கட்டியது. சென்கிளையர் நீர்வீழ்ச்சியின் பழைய அழகு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் 2012 முதல் அது 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அந்தக் கடனில் என் பங்கைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பேன். அம்பாந்தோட்டைப் பக்கம் கடனில் கட்டிய மத்தள விமான நிலையத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அங்கே விமானம் வராது என்று எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு)ப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்கள்.

வாக்குப் போட்டோம், உண்மை. ஆனால் 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தபோது எங்கள் தோட்டத்துக் கடையில் கோதுமை மா விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை. 2021 மே மாதம் ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தியதற்கும் எங்களிடம் வாக்குக் கேட்கவில்லை. அந்த வருடம் ஏறக்குறைய 30 கோடி கிலோ தேயிலை எடுத்த நாடு, அடுத்த வருடம் 25 கோடிக்கு இறங்கியது. பத்திரிகையில் அது ஒரு எண். எனக்கு அது தராசடி. காலையிலிருந்து மலையில் நின்ற பெண் கூடையை இறக்கினால், முள் 12 கிலோவைத் தாண்டாது. செடியில் கொழுந்து இருந்தால்தானே? என் பேனா அவருக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடும். உரத்தை நிறுத்தியவருக்கு எந்தச் செக்ரோலில் அரைப்பேர் விழுந்தது?

பொறுப்பு யாருடையது என்பது தெரியாத கேள்வியும் இல்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும், மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த கப்ராலும் லக்ஷ்மனும், இன்னும் சில உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெயர் சொல்லியே எழுதியது. சரி, அப்புறம்? மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். அவ்வளவுதான். தோட்டத்தில் ஒரு மண்வெட்டி தொலைந்தால்கூடச் சம்பளத்தில் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் செய்தியை வாசித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

தீர்ப்பு வருவதற்கு நாலு மாதம் முன்பே பிடித்தம் தொடங்கிவிட்டது. அதுவும் யாரிடம்? 2023 ஜூலை 1ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி 122க்கு 62 என்று உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றியது. ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த பிணைமுறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கி எழுதிக் கொடுத்த பத்திரங்களை, மாற்றிக் கொடுத்தால் 2025 முடியும் வரை 12 வீத வட்டி, அதன் பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால் நிதியின் வருமானத்துக்கு உள்ள 14 வீத வரி 30 ஆகும். இதற்குப் பெயர் விருப்பத் தெரிவு. வங்கிகள் கையில் இருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் வைப்பு வைத்தவர்கள் பணம் போய்விடும் என்றார்கள். அது நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2022 கடைசியில் 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த திறைசேரி உண்டியல்களை (அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்கி வைத்திருந்த தனியாருக்கும் ஒன்றும் நேரவில்லையே. அவர்களுக்குப் பயந்தார்கள், எங்களுக்குப் பயப்படவில்லை.

அந்த நிதியில் கிடப்பது என்ன பணம்? நூறு ரூபாய் உழைத்தால் எட்டு ரூபாய் தொழிலாளியிடமிருந்து, பன்னிரண்டு ரூபாய் தோட்டத்திடமிருந்து. லயத்துக் கூரைத் தகரம் மாற்ற, மகள் கல்யாணத்துக்கு, கடைசிக் காலத்து மருந்துக்கு என்று அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம் வரை போனபோதே அதன் பெறுமதி உருகிவிட்டது. ஒருமுறை உருகியதில்தான் மறுபடியும் கை வைத்தார்கள். ஓய்வுபெறப் படிவம் நிரப்ப வந்த ஓர் அக்கா, கொழுந்துக் கறை போகாத விரலால் மேசையைத் தட்டி, "கிளாக்கரய்யா, நான் யாருகிட்டயும் கடன் வாங்கலியே?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

வெளியே கடன் கொடுத்தவர்களையும் பார்ப்போம். 2019 மார்ச்சில் நாடு எடுத்த பத்தாண்டு டொலர் பிணைமுறிக்கு 7.85 வீத வட்டி. ஏன் அவ்வளவு? திரும்பி வராமல் போகலாம் என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான் அந்த வட்டி. அடகுக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும், கூடுதல் வட்டி வாங்குபவன் கூடுதல் ஆபத்தையும் வாங்குகிறான். ஆகவே கொடுத்தவர்களும் ஒரு பங்கு சுமக்க வேண்டும். 2024 டிசம்பரில் பழைய பிணைமுறிகளை மாற்றியபோது முதல் தொகையில் 27 வீதம் குறைத்தார்கள். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால், அவர்களுக்குக் கொடுப்பதும் கூடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாடு தேறினால் நியூயோர்க்கில் இருப்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதே நாடு தேறினால் சேமலாப நிதிக்கும் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஏன் எழுதவில்லை? தேறுவது யார் உழைப்பில்? 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடி டொலர் பாக்கி. அதைக் கட்டுவதற்குத் தேயிலை அனுப்ப 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். எண்ணெய் எரிந்தது எங்கேயோ, கடனைக் கட்டுவது எங்கள் மலையின் கொழுந்து.

ஆகவே மலையகத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் உங்கள் பத்திரிகை மூலமாக இதைக் கேட்கிறேன். வெளிநாட்டுப் பிணைமுறிக்காரர்களுக்குக் கொடுத்த அதே வளர்ச்சி நிபந்தனையைச் சேமலாப நிதியின் பிணைமுறிகளுக்கும் எழுதச் சொல்லிப் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவாருங்கள். கட்சி பார்க்காமல் எல்லோரும் கையெழுத்திடுங்கள். 2024இல் அரச கடன் முகாமைத்துவச் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் எடுக்கிற ஒவ்வொரு கடனும் என்ன வட்டிக்கு, எதற்காக, யார் கையெழுத்தில் என்று தமிழிலும் எழுதிப் பிரதேச செயலகத்துப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். வெளிநாட்டு அரசாங்கங்களிடம் வாங்கிய கடனின் முதல் தொகையை 2028இலிருந்து மறுபடியும் கட்டத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். அன்று கை தடுமாறினால் முதலில் யார் பணத்தைத் தொடுவது என்பதை இப்போதே, சேமலாப நிதியின் அங்கத்தவர்களையும் கேட்டு, எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் காரியாலய எழுதுவினைஞர்,
தலவாக்கலை.