பள்ளி வருகையை விளையாட்டு லீக்கோடு இணைத்து ஒரு சீசன் நடத்திப் பார்க்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
பகுதி விளையாட்டுக் குழுவின் பயிற்சியாளர்கள் மற்றும் பெற்றோர்

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: மாணவர் வருகைக்கு லீக் புள்ளி வழங்குதல், பள்ளி மைதானத்தை மாலையில் திறந்துவிடுதல், வேலை நாட்களில் போட்டிகளைத் தவிர்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கூடைப்பந்தும் சொல்லிக்கொடுக்கிறோம். சம்பளம் வாங்குவதில்லை. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதவர்கள். காலையில் வகுப்பில் இருக்க வேண்டிய பையன் வீட்டில் படுத்துக் கிடக்கிறான். அதே பையன் ஐந்து மணிப் பயிற்சிக்கு நாலரைக்கே வந்து, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இவனைச் சோம்பேறி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நேரத்துக்கு வரத் தெரிந்தவன்தான். தன்னை எதிர்பார்த்து நாலு பேர் நிற்கிறார்கள் என்று தெரிகிற இடத்துக்கு வருகிறான். அந்த எதிர்பார்ப்பைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோக முடியுமா என்பதுதான் எங்கள் யோசனை.

இதைச் சொன்னதும் பலரும் உடனே கேட்பது, 'பள்ளிக்கு வராதவனை விளையாட விடாதீர்கள், வேலை முடிந்தது' என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிச் செய்தால், அவனைப் பெரியவர்கள் பார்க்கக்கூடிய ஒரே இடத்தையும் நாமே மூடிவிடுகிறோம். பள்ளியிலும் இல்லை, மைதானத்திலும் இல்லை என்றால் அப்புறம் அவனைத் தேடி எங்கே போவது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்த வழியில் போய்ப் பார்த்திருக்கிறது. அங்கே 1984-ல் வந்த சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் குறைவாக மதிப்பெண் எடுத்தாலும் ஆறு வாரம் விளையாட்டுக்குத் தடை. 1995-ல் அதைத் திருத்தினார்கள். தடைக்காலம் மூன்று வாரமாகக் குறைந்தது. தடையில் இருக்கும் மாணவரும் பயிற்சிக்கு வரலாம், போட்டியில் மட்டும் இறங்கக் கூடாது என்றும் ஆனது. அது மதிப்பெண்ணுக்கான சட்டம், வருகைக்கானது இல்லை. இருந்தாலும் பயிற்சி வேறு, போட்டி வேறு என்று அவர்கள் பிரித்தது எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

ஆஸ்திரேலியாவில் ஜெரார்ட் நீஷம் என்ற பயிற்சியாளர் (அந்நாட்டுக்கே உரிய 'ஆஸ்திரேலிய விதி' கால்பந்தைச் சொல்லிக்கொடுப்பவர்) 2000-ல் பெர்த் நகரில் தொடங்கிய கிளான்டார்ஃப் அறக்கட்டளை, பழங்குடிப் பையன்களுக்காகப் பள்ளிகளுக்கு உள்ளேயே அகாடமி நடத்துகிறது. அகாடமியில் நீடிக்க வேண்டுமென்றால் பள்ளிக்குத் தொடர்ந்து வந்தாக வேண்டும். ஆனால் வராதவன் பெயரை அடித்துவிட்டு அதோடு விட்டுவிடுவதில்லை. ஊழியர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வருகிறார்கள். நிபந்தனை பலிப்பதற்குக் காரணமே அந்த வீடு தேடிப் போகிற ஆள்தான் என்பது எங்கள் கருத்து.

எங்களுக்கு வழி காட்டியது கென்யா. நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-ல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், ஆட்டத்தில் ஜெயித்தால் மட்டுமல்லாமல், தெருக் குப்பையை அணியாகச் சேர்ந்து அள்ளினாலும் லீக் புள்ளி கொடுத்தது. அதே போல் பள்ளி வருகைக்கும் லீக் புள்ளி கொடுக்கலாம் என்கிறோம். 'நீ வராவிட்டால் நமக்கு ரெண்டு புள்ளி போயிடும்டா' என்று கேப்டன் காலையில் வந்து கதவைத் தட்டினால் பையன் எழுந்துவிடுவான். பெற்றோர்களாகிய நாங்கள் எவ்வளவு கத்தினாலும் அது நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிக வருகை உள்ள அணிக்கு அதிகப் புள்ளி என்று மொட்டையாக அறிவித்தால், அடிக்கடி லீவு போடும் பிள்ளையை எந்த அணியும் சேர்க்காது. யாருக்காக இந்த ஏற்பாடோ அவர்களே வெளியே நிற்பார்கள். அதனால் அணிப் பட்டியலைச் சீசன் தொடக்கத்திலேயே உறுதி செய்துவிட்டு, நடுவில் யாரையும் நீக்கக் கூடாது என்று விதி வைக்கிறோம். புள்ளியும் போன மாதத்தைவிட இந்த மாதம் அணியின் வருகை எவ்வளவு கூடியது என்பதற்குத்தான். வாரத்தில் இரண்டு நாள் வந்தவன் மூன்று நாள் வந்தால் அணிக்கு லாபம். ஏற்கெனவே முழு வருகை வைத்திருக்கும் அணி பாதிக்கப்படாமல் இருக்க, அதற்கு நிலையான புள்ளி உண்டு. காய்ச்சல், மாதவிடாய் வலி, வீட்டில் துக்கம் போன்ற விடுப்புகள் கணக்கில் வராது.

இதற்குத் தங்கள் உத்தரவு தேவைப்படுகிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில், வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை பிள்ளையின் அட்டையில் வருகை நாட்களைக் குறித்துக் கையெழுத்திட்டால் போதும். பதிவேட்டை நாங்கள் பார்க்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணும் வேண்டாம். பெயர் போட்டு யாருடைய வருகையையும் பலகையில் ஒட்டமாட்டோம், அணியின் மொத்தப் புள்ளி மட்டும்தான் வெளியே தெரியும்.

அடுத்தது மைதானம். பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். தலைமையாசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. யாருக்காவது கை கால் முறிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் எழுத்தில் பதில் இல்லை. வேலை நாட்களில் மாலை இரண்டு மணி நேரம் திறந்துவிடத் தாங்கள் உத்தரவிட்டால், பிள்ளைகளின் பாதுகாப்பு, முதலுதவிப் பெட்டி, சாவியைத் திரும்ப ஒப்படைப்பது எல்லாவற்றுக்கும் நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். பள்ளி மைதானத்திலேயே பயிற்சி என்றால், மூன்று மணி வரை வகுப்பில் இருந்தவன் வீட்டுக்குப் போகாமல் அப்படியே பந்தெடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். வீட்டுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை காத்திருக்கும், திரும்பி வர விடமாட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் ஒருத்தி தம்பியைக் கூட்டிவந்து வலைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டுத்தான் ஆடுகிறாள். இரண்டு மணி நேரத்தில் பாதி பெண்களுக்கு என்று உத்தரவிலேயே இருந்தால் நல்லது. பெண் பயிற்சியாளர் உடன் இருப்பார். கழிப்பறையையும் அந்த நேரத்தில் பூட்டாமல் விட வேண்டும்.

போட்டித் தேதிகள் பற்றியும் ஒரு வார்த்தை. வருகையைக் குலைப்பதில் விளையாட்டுக்கும் பங்கு உண்டு. திங்கள், செவ்வாய் என்று டோர்னமெண்ட் வைத்து, 'ஆன் ட்யூட்டி' போட்டு நாள்கணக்கில் வகுப்பை இழக்க வைக்கிறார்கள். பகுதி அளவிலான போட்டிகளை விடுமுறை நாட்களில் மட்டும் நடத்தச் சொல்லித் தாங்கள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அப்படியே, தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் பழக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள் ஐயா. அந்த ஒரு பீரியடுக்காகவே அன்றைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விளையாட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கும், எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் கூசிப்போய் வராமல் நிற்கும் பிள்ளைக்கும் பந்து மட்டும் போதாது. அவர்கள் யார் என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியும். மைதானத்தில் பேச்சுவாக்கில் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்போது தகவல் சொல்ல ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமித்துக் கொடுங்கள்.

எனவே, வரும் கல்வியாண்டில் தாங்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்றிரண்டு பள்ளிகளில் மட்டும் ஒரு சீசன் நடத்திப் பார்க்க அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். லீக் தொடங்குவதற்கு முந்தைய வருகையையும் முடிந்த பிறகு உள்ள வருகையையும் தங்கள் அலுவலகமே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பலன் இல்லையென்றால் வருகைப் புள்ளியை எடுத்துவிடலாம். மைதானத்தை மட்டும் அப்போதும் பூட்ட வேண்டாம். விதிகளின் வரைவை நேரில் காட்டி விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், பிள்ளைகளில் இருவரையும் அழைத்துக்கொண்டு வருகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சியாளர்கள் மற்றும் பெற்றோர்

இணைப்பு: பெற்றோர் சம்மதப் படிவ மாதிரி, வருகை அட்டை மாதிரி, லீக் விதிகளின் வரைவு