முடி மாத்திரையை ஹார்மோன் மாத்திரைனு சொல்லிக் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரூர் பக்கம் சின்னதா ஒரு மெடிக்கல் கடை வச்சிருக்கேன், பத்தொம்பது வருஷமாச்சு. முடி கொட்டுறதுக்கு வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணினு எல்லா பேப்பரும் எழுதிட்டீங்க, ஆனா நிஜத்துல பசங்க என்ன வாங்கிட்டுப் போறாங்கனு கடைக்குள்ள நிக்கிற எனக்குத்தான் தெரியும், அதனாலதான் இந்த லெட்டர்.

இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது, ஹெல்மெட்ட கழட்டாமயே வந்து நிப்பான், பக்கத்துல பொம்பளைங்க யாராவது இருந்தா அவங்க போற வரைக்கும் ஹால்ஸ் பாக்கெட்ட பாத்துட்டு இருப்பான், அப்புறம் போன்ல ஸ்க்ரீன்ஷாட்ட காட்டி அண்ணே இது இருக்கானு கேப்பான். ஃபினாஸ்டெரைடு, முடி கொட்டறத நிறுத்தற மாத்திரை. டாக்டர் சீட்டு எங்கப்பானு கேட்டா ஃப்ரெண்ட் சாப்பிடுறான்ணேனு பதில். சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து இது. நானும் வித்திருக்கேன், இல்லேனு சொன்னா அது பொய், பக்கத்து கடைல வாங்கத்தானே போறான்னு நெனச்சு கொடுத்திருக்கேன்.

அவங்கள்ல முக்கால்வாசி பேர் இத ஏதோ வைட்டமின், பயோட்டின் மாதிரினு நெனச்சுட்டு இருக்காங்க. இது ஹார்மோன்ல கை வைக்கிற மருந்து சார். நம்ம உடம்புல ஓடுற டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன்ல ஒரு பங்கு டிஎச்டினு இன்னொரு ஹார்மோனா மாறுது, பரம்பரைல வழுக்கை இருக்கறவங்களுக்கு உச்சந்தலை முடிவேர சுருக்கி விடறது அதுதான், அந்த மாற்றத்த செய்யற என்ஸைம இந்த மாத்திரை தடுக்குது, ரத்தத்துல டிஎச்டி ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கிடும். முடி நிக்கிறது அதனாலதான், அதுல சந்தேகம் இல்ல, நல்லா வேலை செய்யற மருந்துதான். ஆனா டிஎச்டி தலைல மட்டும் வேலை பாக்கலையே. மாறாம தங்கிப்போற டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறும், அதுல ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனா போகும், அதனால சிலருக்கு மார்பு வலிக்கும், வீங்கும். ஜிம்முக்கு போற பையன் ஒருத்தன் புரோட்டீன் பவுடர்னாலதான்னு ஆறு மாசமா அத மாத்தி மாத்தி வாங்கிட்டு இருந்தான், மாத்திரைய பத்தி அவனும் சொல்லல நானும் கேக்கல.

இன்னொரு பக்கம் யூடியூப்ல இத விஷம்னு கத்துறவங்க இருக்காங்க, அதுவும் தப்பு. 1997-ல 1 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கொடுத்தப்ப காட்டின கணக்குல முதல் வருஷத்துல நூத்துக்கு 3.8 பேருக்கு தாம்பத்திய சம்பந்தமான தொந்தரவு, அதாவது ஆசை குறையறது, விறைப்பு குறையறது, விந்து குறையறது. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 2.1 பேர் அதே சொன்னாங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, வந்தாலும் நிறுத்தினா போயிடுது. ஆனா நிறுத்தின அப்புறமும் போகலனு சொன்னவங்க இருக்காங்க, அவங்கள பொய்னு ஒதுக்க முடியாமத்தான் 2012-ல அமெரிக்காவுல லேபிள்லயே அத சேத்தாங்க. தற்கொலை எண்ணம் இதோட பக்கவிளைவுதான்னு ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2025 மே மாசம் உறுதியா சொல்லிடுச்சு. இங்க கவுன்டர்ல யாராவது இத ஒரு பையன்கிட்ட சொல்லியிருக்கோமா?

முன்கூட்டியே சொன்னா பயத்துலயே பக்கவிளைவு வந்துடும்னு ஒரு டாக்டர் என்கிட்ட சொன்னார். அதுலயும் உண்மை இருக்கு, இத்தாலில புராஸ்டேட், அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்கற சுரப்பி, வீங்கறதுக்கு இதே மருந்து கொடுத்து பாத்தப்ப பக்கவிளைவ முன்கூட்டியே சொன்னவங்கள்ல 43.6 சதவீதம் பேர் புகார் சொன்னாங்க, சொல்லாதவங்கள்ல 15.3 தான், 2007-ல வந்த ஆய்வு அது. அதுக்காக மறைக்கிறதா? மறைச்சா அவன் வேற எங்கயோ ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல படிப்பான், பயம் ரெட்டிப்பா வரும். நிதானமா ஒருத்தர் நேர்ல சொல்றது வேற.

எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம் கல்யாணம். தலைல முடி இல்லேனா பொண்ணு கிடைக்காதுனு அம்மாவே பையன கூட்டிட்டு வந்து வாங்கித் தராங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் குழந்தை இல்லேனா முதல்ல ஓடவிடறது அந்த பொண்ணத்தான், ஸ்கேன், ரத்த டெஸ்ட், ஊசி. புருஷன் தினம் ஒரு முடி மாத்திரை போடறான்னு யாரும் கேக்க மாட்டாங்க, அவனும் வாய தொறக்க மாட்டான். சிலருக்கு இதனால விந்தணு குறையும், நிறுத்தினா பெரும்பாலும் சரியாகும், ஒரே ஒரு கேள்வில முடிய வேண்டியது. அதே மாதிரி காசு மிச்சம்னு புராஸ்டேட்டுக்கான 5 மில்லிகிராம் மாத்திரைய வாங்கி நாலா உடைக்கிறாங்க, அந்த தூள் சமையல்கட்டு மேடைல கிடக்கும், கர்ப்பமா இருக்கற பொண்ணு உடைஞ்ச மாத்திரைய தொடவே கூடாது, வயித்துல ஆம்பள குழந்தைனா அதோட உறுப்பு வளர்ச்சி கெடலாம். தலைவர் பொறந்தநாள் ரத்ததான கேம்புக்கு போறவங்களும் இத சாப்பிடறத சொல்லணும், இதே வேலைய இன்னும் பலமா செய்யற இதோட அண்ணன் மாத்திரை டுடாஸ்டெரைடுனா நிறுத்தி ஆறு மாசம் கழிச்சுதான் ரத்தம் கொடுக்கலாம், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு போயிடக்கூடாதுனுதான். வயசானவங்க சாப்பிட்டா, புராஸ்டேட் கேன்சர் இருக்கானு பாக்கற பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் ரிசல்ட் பாதியா காட்டும், டாக்டர்கிட்ட சொல்லலேனா புராஸ்டேட் கேன்சர் கண்ணுல படாமலே போகலாம்.

இப்ப நான் சீட்டு இல்லாம தர்றதில்ல, யாவாரம் கொஞ்சம் அடிவாங்குது, போகட்டும். சீட்டோட வர்றவன்கிட்டயும் மூணு கேள்வி கேக்கறேன், முன்னாடி மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தியா, குழந்தைக்கு பிளான் பண்றீங்களா, வீட்ல யாராவது கர்ப்பமா. சிலர் முறைக்கிறாங்க. ஒருத்தன் மட்டும் கடைய சாத்தற நேரத்துக்கு திரும்பி வந்து அரை மணி நேரம் பேசினான், மூணு மாசமா பொண்டாட்டி பக்கத்துல போகவே பயமா இருக்குண்ணே, யார்கிட்ட சொல்றதுனு தெரியலனான்.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பக்கவிளைவ புகார் பண்ண இந்திய மருந்தியல் கண்காணிப்பு திட்டத்துக்கு 1800-180-3024னு ஒரு இலவச நம்பர் இருக்கு, டாக்டர்தான் கூப்பிடணும்னு இல்ல, சாப்பிட்டவனே கூப்பிடலாம். முடி சிகிச்சை விளம்பரம் வர்ற பக்கத்துல ஒரு ஓரமா அந்த நம்பர போடுங்க. கடைல இருந்து அனுப்பற ஃபாரமும் உண்டு, பத்தொம்பது வருஷத்துல நானே அத இந்த வருஷம்தான் முதல்தடவை நிரப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன்,
கரூர் மாவட்டம்.