காரா ரயிலா என்று கேட்டாய்

அன்புள்ள கயல்,

போனில் நீ கேட்டதும், "காரை எடுத்துக்கோ, வேறென்ன" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் வாயிலிருந்து வேறென்ன வரும்? ராத்திரி படுத்த பிறகுதான் அவசரப்பட்டுவிட்டோமே என்று பட்டது. அதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதல் உலகப் போர் நடந்த இடங்களைச் சம்பந்திகளுக்குக் காட்ட, பெல்ஜியத்தில் ஈப்பர், பிரான்ஸில் நியூவ் ஷாபெல், சோம், வெர்தன் எல்லாவற்றையும் நாலு நாளில் முடித்துவிடலாம் என்கிறாய். வரைபடத்தில் பார்த்தால் கைக்குள் அடங்குகிற மாதிரிதான் இருக்கும். முதல் மூன்றும் ஓரளவு பக்கத்துப் பக்கத்து இடங்கள், அது சரி. வெர்தன் அப்படியில்லை. ஈப்பரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும். சம்பந்தி இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒரே நாளில் போய் வந்தால் அவர்களுக்கு நெடுஞ்சாலைதான் ஞாபகத்தில் நிற்கும். வெர்தனை எடுத்துவிடு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பஸ் டூர் பற்றி. நானே பஸ்காரன், பஸ்ஸைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவையும் என்னையும் ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு நாள் டூரில் ஏற்றிவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அதன் டிரைவர் நல்ல கை, அவர்மேல் குறையே இல்லை. ஷெட்யூல் போட்டவர்மேல்தான் கோபம். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிஷம். ஈப்பர் பக்கத்து டைன் காட் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 12,000 கற்கள். அவற்றில் 8,000-க்கும் மேல் பெயரே இல்லாதவை. அம்மா முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். ஈப்பரில் மெனின் வாயில் என்கிற நினைவு வளைவில், செத்த வீரர்களுக்காக இரவு எட்டு மணிக்கு ஊதுகொம்பு வாசிப்பார்கள். 1928-லிருந்து தினமும் நடக்கிறது, இரண்டாம் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் தவிர. அதைக் கேட்கத்தான் நான் போனேன். ஆறரை மணிக்கு எங்களை ப்ரஸ்ஸல்ஸில் இறக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு வழிகாட்டி அடிக்கடி "ரிட்ஜ், ரிட்ஜ்" என்றார். மேட்டுநிலமாம், அதைப் பிடிக்கத்தான் அத்தனை சண்டையாம். நான் ஜன்னல் வழியாகத் தேடு தேடு என்று தேடினேன். கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவன் கண்ணுக்கு அங்கே மேடு என்று எதுவும் தெரியவில்லை. அடுத்த மாதம் மாப்பிள்ளையோடு திரும்பப் போய் வாடகை சைக்கிளில் ஈப்பரிலிருந்து பாஷண்டேல் பக்கம் மிதித்தபோதுதான் தெரிந்தது. ஏறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, தொடைக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அந்த ஏற்றத்தை இன்ஜின் விழுங்கிவிடுகிறது. 1917 ஜூலை 31-இல் ஆரம்பித்து நவம்பர் 10 வரை சேற்றில் சண்டை போட்டு பிரிட்டிஷ் தரப்பு முன்னேறியது சுமார் 8 கிலோமீட்டர். நானும் மாப்பிள்ளையும் நடுவில் காபி குடித்தும் ஒரு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டோம்.

அதனால் ஈப்பருக்குக் கார் வேண்டாம். ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ரயில்தான், சுமார் இரண்டு மணி நேரம். கோர்ட்ரைக்கில் மாறும்படியான ரயிலைப் பிடி, ஒரு காரணம் இருக்கிறது. கோர்ட்ரைக்கிலிருந்து ஈப்பர் வரும் தண்டவாளம் ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டுப்பள்ளத்துக்குள் நுழையும். அந்தப் பள்ளத்தை வெட்டியபோது அள்ளிக் கொட்டிய மண்மேடுதான் ஹில் 60. கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் மேலே, அதனால் அந்தப் பெயர். ரயில்வேக்காரர்கள் கொட்டிய மண்ணுக்காக அப்புறம் எத்தனை பேர் செத்தார்கள் பார். அதற்கடியில் தோண்டி வைத்திருந்த சுரங்கத்தை 1917 ஜூன் 7 விடிகாலையில் பிரிட்டிஷ் தரப்பு வெடிக்கவைத்தது. அந்த இடத்தை உன் ரயில் அரை நிமிஷத்தில் தாண்டிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொள், போனைப் பார்க்காதே.

ஸ்டேஷனிலிருந்து ஊர்ச் சதுக்கம் நடக்கிற தூரம்தான். இரண்டு ராத்திரி தங்குங்கள். அப்போதுதான் எட்டு மணிக்கு அவசரமில்லாமல் மெனின் வாயிலில் நிற்கலாம். கல்லறை கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அந்த வளைவில் வெட்டியிருக்கிறார்கள், அதில் நம் நாட்டுப் படையினரும் உண்டு. கொஞ்சம் முன்னதாகவே போய்விடு, கூட்டம் சேர்ந்துவிடும்.

சைக்கிள் பாதைகளுக்குச் சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்டிருக்கிறார்கள். போகவேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், நம் ரூட் நம்பர் மாதிரி. ஸோன்னபேகவிலிருந்து டைன் காட் வரை பழைய ரயில் பாதை ஒன்றைத் தண்டவாளம் எடுத்துவிட்டு நடைபாதையாக்கி இருக்கிறார்கள், அதில் போ. சம்பந்தி ஐயாவுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கம் உண்டு. மின்சார சைக்கிள் கொடுத்துப் பார், மாட்டேன் என்று சொல்லமாட்டார். சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி. அவரை டாக்சியில் டைன் காட்டுக்கு அனுப்பிவிடு, நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஊர்ப் பேருந்தும் ஓடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை நம்பாதே.

மூன்றாம் நாளுக்குத்தான் கார். அதை ப்ரஸ்ஸல்ஸில் எடுக்காதே, எல்லை தாண்டி பிரான்ஸில் இருக்கும் லில்லில் எடு. ஈப்பரிலிருந்து கோர்ட்ரைக் வந்து மாறினால் லில். உன் கொழுந்தன் லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வருகிறார் என்றாயே, அந்த ரயிலும் லில்லில் நிற்கும், ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுவார். அங்கேயே எடுத்து அங்கேயே விட்டால் எல்லை தாண்டுகிற வாடகைப் பேச்சே இல்லை. நீங்கள் ஐந்து பெரியவர்கள், ஐந்து பெட்டி. சின்ன வண்டியில் அடைந்துகொண்டு போகாதீர்கள், ஏழு சீட் வண்டியாகப் பார்.

போனமுறை மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த வண்டியில் பின்பக்கக் கீறலுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்களே, அது எங்கள் கையில் விழுந்த கீறல் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். டிப்போவில் ஒரு நாள்கூட வண்டியைச் சுற்றிப் பார்க்காமல் எடுத்ததில்லை நான். அங்கே போய் மறந்துவிட்டேன். சாவி வாங்கியதும் நாலு பக்கமும் போட்டோ எடு.

இன்னொன்று மாப்பிள்ளைக்கு. பிரெஞ்சுக் கிராமங்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்குத்தான் வழி. நாம் பெரிய ரோட்டில் போகிறோம், அவன் நிற்பான் என்று நம் ஊர்க் கணக்குப் போடக் கூடாது. போனமுறை ஒரு டிராக்டர் அப்படித்தான் குறுக்கே வந்தது. இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது. பெல்ஜியப் பக்கம் கார் ஓட்ட நேர்ந்தால், பலகையில் "ரைசல்" என்றிருப்பதும் லில்தான், பிளெமிஷ் மொழியில் பெயர் அப்படி. நாங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருப்பத்தை விட்டோம்.

நியூவ் ஷாபெலுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம், அந்தக் கிராமத்துக்கு ஸ்டேஷன் கிடையாது. நாலு ரோடு சேரும் இடத்தில் வயலுக்கு நடுவே நிற்கிறது இந்திய நினைவிடம். வட்டச் சுவர், தாமரைத் தலை வைத்த உயரமான தூண், காவலுக்கு இரண்டு கல் புலிகள். 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். பஞ்சாபிகள், கர்வாலிகள், கூர்க்காக்கள். நம் பக்கத்துப் பெயர் ஒன்றாவது இருக்குமா என்று தேடினேன், கண்ணில் படவில்லை. நம்மவர்களைப் பெரும்பாலும் வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்காவில் சண்டையிட்டது.

இந்தச் சிப்பாய்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் தெரியுமா? 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய்யில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் வடக்கே வந்து, அக்டோபரில் சிலரை மோட்டார் பேருந்துகளில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். லண்டன் தெருக்களில் ஓடிய மாடி பஸ்களையே அந்தப் போருக்கு ஆயிரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். டிரைவர்களும் கூடவே போனார்கள். நேற்றுவரை டவுன் பஸ் ஓட்டியவன், இன்றைக்குக் குண்டு விழுகிற ரோட்டில். அந்த பஸ்களின் படம் ஒன்றைப் பார்த்தபோது எனக்குச் சிப்பாய்களைவிட டிரைவர் முகத்தைப் பார்க்கத்தான் ஆசை வந்தது, முகம் தெரியவில்லை.

சோமுக்கும் அதே கார். தீப்வால் நினைவு வளைவும், சுரங்க வெடியில் உண்டான லா புவாசெல் பள்ளமும் போதும், ஒரு நாளில் அதற்குமேல் தாங்காது. 1916 ஜூலை 1 ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் செத்திருக்கிறார்கள். நேரமிருந்தால் ஃப்ருவாஸியில் 60 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயில் உண்டு. பீரங்கிக் குண்டு கொண்டுபோக 1916-இல் போட்டது. எல்லா நாளும் ஓடாது, பார்த்துக்கொண்டு போ.

வயல் ஓரத்தில் துருப்பிடித்த குண்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள், ஏர் ஓட்டும்போது இன்றைக்கும் வருகிறது. தொடாதே. கொழுந்தனிடமும் சொல், ஞாபகார்த்தம் என்று எதையும் பையில் போடவேண்டாம். செத்த குண்டானாலும் யூரோஸ்டாரில் ஏற்றமாட்டார்கள்.

இனி வெர்தன். 1916-இல் அங்கே போகும் பெரிய ரயில் பாதைகள் ஜெர்மன் பீரங்கிகளால் பயன்படாமல் போயின. மிச்சமிருந்தது ஒரு குறுகிய தண்டவாளமும் பார்-லெ-டியூக்கிலிருந்து வரும் எழுபது கிலோமீட்டர் சொச்சம் ரோடும்தான். அந்த ரோட்டில் ராத்திரி பகலாக லாரி விட்டார்கள், நெருக்கடியான நாட்களில் பதினான்கு விநாடிக்கு ஒன்று. நிற்கக் கூடாது. பிரேக்-டவுன் ஆனால் தள்ளிப் பள்ளத்தில் விட்டுவிட்டு அடுத்த வண்டி போகவேண்டும். பக்கத்திலேயே கல் உடைத்து ஓடுகிற சக்கரங்களுக்கு அடியில் வாரிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் டிப்போவில் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடவே என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இப்போதும் அந்த ரோடு இருக்கிறது, மைல்கல்லின் தலையில் சிப்பாயின் இரும்புத் தொப்பி வைத்திருக்கிறதாம்.

அந்த ரோட்டை ரயிலில் போய்ப் பார்க்க முடியாது, ஓட்டித்தான் பார்க்கவேண்டும். என் லைசென்ஸைப் போன மாதம் புதுப்பித்துவிட்டேன். சர்வதேச அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசிலும் விசாரித்து வைத்திருக்கிறேன். அது ஒரு வருஷம்தான் செல்லுமாம். அதனால் நீ தேதி சொன்ன பிறகு எடுக்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

புளிக்காய்ச்சல் சம்பந்தியம்மா பெட்டியில் வருகிறது.

அன்புடன்,
அப்பா