மண்டியிடும் கோல்கீப்பர்

ஹாலண்டேல் பீச், புளோரிடா
2025 ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கீழ்வீட்டு அத்தை கொடுத்த தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா?

இந்தக் கடிதத்தை எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு அம்மாள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருடைய சொந்த ஊர் நம் பக்கத்து ப்ரோகோப்யெவ்ஸ்க். 2022க்குப் பிறகு நேர் விமானம் கிடையாது என்பதால் இஸ்தான்புல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார். போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. மீதிப் பாதியை நீங்கள் கேட்க விரும்புவதில்லை. காகிதம் என்றால் மூன்று முறையாவது படிப்பீர்கள்.

போன வாரம் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் போப்ரோவ்ஸ்கியைப் பற்றிப் போனில் என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? “இரண்டாவது ஸ்டான்லி கோப்பையும் வாங்கிவிட்டான், இன்னும் நிற்கத் தெரியவில்லையே! வட்டு வருவதற்குள் மண்டியிட்டுவிடுகிறானே!” நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. செர்கேய் போப்ரோவ்ஸ்கி நம் ஊர் நோவோகுஸ்நெட்ஸ்கில் ஆடிய காலத்திலிருந்தே உங்களுக்கு இந்த ஒரே குறைதான். ‘குஸ்நெட்ஸ்க் மெட்டலர்கிஸ்டுகள்’ அரங்கில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “எழுந்து நில்லுடா!” என்று நீங்கள் கத்தியதில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே இன்று உட்கார்ந்து முழுசாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. சதுப்பு நிலத்தின் ஓரத்தில், முதலைகள் கால்வாய்க் கரையில் வெயில் காயும் இந்த ஊரில், நான் ஐஸ் போட்டுப் பிழைக்கிறேன் என்றால் நம் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். வெளியே 33 டிகிரி, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். உள்ளே தளத்தின் மேற்பரப்பு மைனஸ் 5 டிகிரி அளவில் இருக்க வேண்டும். ஐஸின் கனம் மொத்தமே 3 சென்டிமீட்டர்தான். குளிரூட்டுவதைவிட ஈரத்தை உறிஞ்சுவதே பெரும்பாடு. போன ஆகஸ்டில் நான் வேலை பார்க்கும் ரிங்கில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒருநாள் நின்றுபோனது. அரை மணி நேரத்தில் தளத்தின்மேல் இடுப்பளவு மூடுபனி. பனிச்சறுக்கு பழக வந்த குழந்தைகள் பேயைக் கண்டதுபோல் கூச்சலிட்டார்கள். எனக்கோ டோம் ஆற்றின்மேல் நவம்பர் மாதக் காலைப்பொழுது நினைவுக்கு வந்துவிட்டது.

டிசம்பர் இரவுகளில் நம் முற்றத்துக் கரோப்காவுக்கு, அந்த வேலியடைத்த ஹாக்கித் தளத்துக்கு, குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவீர்களே, அதே வேலையைத்தான் இங்கே ஐஸை மெழுகும் ஜாம்போனி வண்டியில் உட்கார்ந்து செய்கிறேன். வெந்நீர்தான் ஊற்றுகிறோம், நீங்கள் சொன்னதுபோலவே. நான் சொல்லித்தான் செய்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், உலகத்தில் பெரும்பாலான இடங்களில் அப்படித்தானாம். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று பத்து வயது வரை நம்பியிருந்தேன்!

வண்டி ஓட்டுபவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நான் கண்ணாடிபோல் மெழுகிவிட்டுப் போன ஐஸை முதலில் கெடுப்பவர் கோல்கீப்பர்தான். தன் இடத்துக்கு வந்ததும் ஸ்கேட்டின் பக்கவாட்டால் சுரண்டு சுரண்டென்று சுரண்டுவார். இடது, வலது, இடது, வலது. புதிய ஐஸ் வழுக்கும். கால் ஊன்ற அது சொரசொரப்பாக வேண்டும். சுரண்டிய தூளைக் கம்பங்களின் அடியில் ஒதுக்குவார். புளோரிடா அணியின் சன்ரைஸ் அரங்கில் போப்ரோவ்ஸ்கி இதைச் செய்வதைக் கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அவசரமே இல்லை. அத்தை தன் வாசலைப் பெருக்குவதுபோல் இருந்தது.

இனி மண்டியிடும் விஷயம். உங்கள் காலத்தில் முகமூடி சரியாக இல்லை. முகத்தைத் தாழ்த்தினால் பல் போய்விடும். காலில் கட்டும் பேடு என்பது தோலுக்குள் மயிரை அடைத்த மூட்டை. ஆட்டம் முடிவதற்குள் தண்ணீரைக் குடித்து இரட்டிப்புக் கனமாகிவிடும். அதனால் நின்றார்கள். இப்போதைய பேடு இலகுவானது. முழங்கால்களைச் சேர்த்துத் தரையில் வைத்து, கால்களை இருபுறமும் விரித்தால் கோலின் அடிப்பாகம் முழுக்க அடைபடும். கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். கூட்டத்துக்குள் கால்களின் நடுவே நுழைந்து வரும் வட்டைக் கண்ணால் பார்த்துத் தடுக்க முடியாது. அது வரக்கூடிய இடத்தை முன்கூட்டியே மூடிவைக்கத்தான் முடியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நம் பக்கம் அப்போது ரிங்க்கின் அகலம் பெரும்பாலும் 30 மீட்டர். அமெரிக்காவில் 26. நான்கு மீட்டர்தானே என்பீர்கள். கோலில் நிற்பவனுக்கு அது வேறு கிரகம். ஓரத்திலிருந்து வரும் அடி நம் ஊரில் வெறும் மிரட்டல்; இங்கே அதுவே கோல். அடிப்பவன் பக்கத்தில் இருக்கிறான், கோணம் மாறிவிடுகிறது, மூக்குக்கு முன்னால் நான்கு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதினைந்து வருடமாக உடம்பில் ஊறிய கணக்கு ஒன்றுகூட உதவாது. நான் வந்த புதிதில் கடையில் பால் வாங்கக் கேலன் கணக்குப் புரியாமல் நின்றேனே, அதுபோல. பாலுக்கு அவசரமில்லை, வட்டு நிற்காது.

2010இல் போப்ரோவ்ஸ்கி அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “ஒரு குளிர்காலம் தாங்கமாட்டான், திரும்பி வந்துவிடுவான்.” நியாயமாகவும் தோன்றியது. வருடாவருடம் கோடையில் வட அமெரிக்க லீகான என்.எச்.எல். அணிகள், இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 200க்கும் மேற்பட்ட பையன்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றன. அவன் பெயரை ஒரு வருடமும் யாரும் சொல்லவில்லை. நம் ஊர் மெட்டலர்க் அணியோ நம் பக்கத்து லீகான கே.எச்.எல். பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. தோற்கும் அணியின் கோல்கீப்பருக்கு வேலை அதிகம் என்பதைத் தவிர வேறு நல்லது என்ன இருந்தது? பிலடெல்பியா அணி அவனை டிராஃப்ட் இல்லாமலே ஒப்பந்தம் செய்தது. ஆங்கிலம் தெரியாமல் போனான். அக்டோபர் 7ஆம் தேதி, பிட்ஸ்பர்க்கின் புத்தம்புது அரங்கில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில், 22 வயதில் நேராகக் கோலில் நிறுத்தினார்கள். 3-2 என்று ஜெயித்தான். அந்தப் பருவத்தில் 28 வெற்றிகள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 2011 பிளே ஆஃபில், அதாவது நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போகும் கட்டத்தில், முதல் சுற்றிலேயே பயிற்சியாளர் மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி இறக்கினார். அந்தக் கோடையிலேயே தொல்யாத்திக்காரர் இலியா பிரிஸ்காலோவை 9 வருடத்துக்கு 5 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். நம் பையன் பெஞ்சில். 2012 ஜூனில் கொலம்பஸுக்குக் கைமாற்றினார்கள். விலை என்ன தெரியுமா? ஒரு இரண்டாம் சுற்று, இரண்டு நான்காம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள். டிராஃப்டில் யாருமே சீண்டாத பையனுக்கு டிராஃப்டையே விலையாகக் கொடுத்தது ஒருவகையில் மரியாதைதான் என்று நீங்களே சிரித்தீர்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு. லீக் கதவை அடைத்துவிட்டார்கள். அவன் பீட்டர்ஸ்பர்க் வந்து எஸ்.கே.ஏ. அணிக்கு ஆடினான். “சொன்னேனே, வந்துவிட்டான் பார்!” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். ஜனவரியில் தகராறு தீர்ந்தது, போய்விட்டான். சுருங்கிய 48 ஆட்டப் பருவத்தின் முடிவில், 2013இல், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை. ரஷ்யாவில் பிறந்த ஒரு கோல்கீப்பர் அதை வாங்கியது அதுவே முதல்முறை. 2017இல் இன்னொன்று. முதல் வெசினா வாங்கிய அதே வருடம்தான் நானும் கிளம்பினேன். எனக்கு நீங்கள் சொன்னது: “ஒரு கோடை தாங்கமாட்டாய்.” உங்கள் ஜோசியம் இரண்டுமே எப்படி ஆனது பாருங்கள்.

2019 ஏப்ரலில் 62 ஆட்டங்கள் ஜெயித்து வந்த டம்பா அணியைக் கொலம்பஸ் பிளே ஆஃபில் நான்கு ஆட்டங்களிலும் மண்ணைக் கவ்வவைத்தது. எதிர்க்கோலில் நின்றவர் த்யூமென்காரர் வசிலெவ்ஸ்கி. ஆக இரண்டு முனையிலும் சைபீரியா! ஜூலையில் இங்குள்ள புளோரிடா அணி அவனை 7 வருடத்துக்கு 7 கோடி டாலருக்கு எடுத்தது. அப்போதுதான் நான் உங்களுக்கு முதல்முறை பெருமையாக எழுதினேன், நம் ஊர்ப் பையன் என் ஊருக்கு வருகிறான் என்று.

வந்தவன் தடுமாறினான். என் கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் முகத்தைப் பார்த்து அந்த 7 கோடியைக் கணக்குக் கேட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொடுத்ததுபோல். 2023 பிளே ஆஃப் தொடங்கியபோது அவன் இடத்தில் வேறொருவர். இவன் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில். எதிரே 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்த பாஸ்டன். 3-1 என்று தொடர் கைநழுவப் போகும் நேரத்தில் இவன் கோலில் இருந்தான். அங்கிருந்து மூன்று ஆட்டங்களை அணி வரிசையாக வென்றது. அடுத்து டொராண்டோ. அதற்கடுத்து கரோலினா. கரோலினாவுடனான முதல் ஆட்டத்தை நினைவிருக்கிறதா? இங்கே இரவு எட்டுக்கு ஆரம்பித்தது. நான்காவது கூடுதல் நேரத்தில், அதிகாலை இரண்டு மணியை நெருங்கும்போது முடிந்தது. 63 வட்டுகளைத் தடுத்திருந்தான். உங்களுக்குக் காலைக் கஞ்சியோடு தொடங்கி மதிய சூப்போடு முடிந்திருக்கும். அன்று நீங்கள் போன் செய்து ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, உடம்பு சரியில்லையோ என்று.

2024 ஏப்ரல் 23ஆம் தேதி டம்பாவுக்கு எதிராக அவன் தடுத்த அந்த ஒன்றை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? கோலின் மறுமுனையில் வட்டு, அடிப்பவன் முன் திறந்த வலை. இவன் திரும்ப நேரமில்லை. அடிப்பவனுக்கு முதுகைக் காட்டியபடியே பின்னால் பாய்ந்து கையை நீட்டினான். வட்டு கையில் வந்து மோதியது. அதில் நிற்பதும் இல்லை, மண்டியிடுவதும் இல்லை. எந்தப் பயிற்சியாளரும் அதைச் சொல்லித்தர முடியாது. என் மகன் அன்றிலிருந்து சோபாவின்மேல் முதுகு காட்டிப் பாய்ந்துகொண்டிருக்கிறான். ஒரு கால் உடைந்துவிட்டது, சோபாவுக்கு.

அந்த ஜூனில் எட்மண்டனோடு இறுதித் தொடர். 3-0 என்று முன்னிலை, பிறகு 8-1 என்று ஒரு அடி. ஐந்து கோல் வாங்கியதும் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். 3-3 ஆனது. ஏழாவது ஆட்டம் 2-1. அணித் தலைவர் பார்கோவ் கோப்பையைத் தூக்கிவிட்டு முதலில் இவன் கையில்தான் கொடுத்தார். பார்கோவ் பின்லாந்துக்காரர், ஆனால் அவருடைய அப்பா நோவோசிபிர்ஸ்க்காரர். பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்ததுபோல் இருந்தது என்றீர்கள். இந்த ஜூன் 17ஆம் தேதி அதே எட்மண்டனை 5-1 என்று வென்று இரண்டாவது கோப்பை. ஆட்டம் முடிந்ததும் தளம் முழுக்கப் பிளாஸ்டிக் எலிகள் பறந்தன. 1995இல் மெல்லன்பி என்ற ஆட்டக்காரர் உடை மாற்றும் அறையில் புகுந்த எலியை மட்டையால் அடித்துக் கொன்று அன்றிரவே இரண்டு கோல் போட்டாராம். அதிலிருந்து இந்த வழக்கம். ஐஸ் போடுபவளின் வயிறு பற்றி எரியும், யார் பொறுக்குவது?

நம் மெட்டலர்க்கை 2017இல் கே.எச்.எல்.லிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதே தளத்திலிருந்துதான் என்.எச்.எல். ஆட்டக்காரர்களான ஓர்லோவும் கப்ரீசோவும் போனார்கள். தூசியும் கரியும் படிந்த பனிக்கு நடுவே எப்படித்தான் இவர்கள் முளைக்கிறார்களோ.

ஒரு செய்தி. மகன் கோலில் நிற்கப் போகிறானாம். ஒன்பது வயது. என் கணவர் வேண்டாம் என்கிறார். பேடு, கையுறை, முகமூடி எல்லாம் சேர்த்தால் எங்கள் ஒரு மாத வாடகை. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. போன சனிக்கிழமை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கடன் வாங்கிய பேடோடு அவனை ரிங்க்கில் இறக்கினேன். யாரும் சொல்லித்தராமலே கம்பத்தருகே போய், சுரண்டு சுரண்டென்று நான் மெழுகிய தளத்தைச் சுரண்டினான். பிறகு மண்டியிட்டான். “எழுந்து நில்லுடா” என்று என் வாயில் வந்துவிட்டது அப்பா!

நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் உங்கள் பழைய தோல் கையுறை இருந்ததே, பாருங்கள். அந்த அம்மாள் ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார், பெட்டியில் இடம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பிவிடுங்கள்.

முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள்.

உங்கள் மகள்