சோழி வைத்துக் கணித்ததைப் பார்த்தவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முத்தியால்பேட்டையில் அப்பா காலத்து அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் இவைதான் பிழைப்பு. போன மாதம் இந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக ஒரு துண்டறிக்கை அடிக்க வந்தது. தமிழர்களின் பஞ்சாங்கக் கணிதம் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் பேசுகிறார், அனைவரும் வரலாம் என்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மொத்தம் 60 பிரதி. "தமிழில் ஒரு நூறு போடட்டுமா தம்பி?" என்று கேட்டேன். "தேவைப்படாதுங்க" என்றார் கொண்டுவந்தவர்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு உரை. கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அரங்கில் இருபத்தைந்து பேர் இருந்திருப்பார்கள். வெளியாள் நான் ஒருவன்தான்.

ஆங்கிலம் படித்தால் புரியும், காதில் கேட்டால் பாதிதான் பிடிபடும். ஆனாலும் அவர் சொன்ன ஒன்று நன்றாகவே புரிந்தது. பிரிட்டிஷ் படையில் வாரன் என்று ஓர் அதிகாரி இருந்தார். சென்னை வான் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்தவர். அவருடைய 'காலசங்கலிதம்' 1825-ல் வெளிவந்தது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழி அடுக்கி, மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை அந்த நூலில் எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிடம்தான் தவறியதாம். முடியும் நேரம் 52 நிமிடம் தவறியது. பேராசிரியர் அதையும் மறைக்காமல் சொன்னார். அப்புறம்தான் கேட்டார்: இந்தச் சோழிக் கணக்கை நேரில் பார்த்தவர் யாராவது இன்னும் இருப்பார்களா என்று.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் அச்சகத்தில் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று அச்சானது. கணித்தவரே வந்து நாலு நாள் தங்கிப் புரூஃப் பார்ப்பார். ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறக்க மாட்டார். டிரெடில் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்தில் சிமெண்டுத் தரையைத் துண்டால் துடைப்பார். மஞ்சள் பையிலிருந்து சோழிகளை எடுத்து ராசி, பாகை, கலை என்ற கோண அளவுகளாக வரிசை பிரித்து வைப்பார். எண்களை எழுத்துகளில் ஒளித்துவைத்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் முணுமுணுப்பார். சோழி ஏறும், இறங்கும். கலை 60 சேர்ந்தால் அத்தனையையும் வழித்தெடுத்து, பாகையில் ஒன்று வைப்பார். நடுவில் யாராவது பேசினால் ஒரு விரலை மட்டும் தூக்குவார். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம், அத்தனையும் மனப்பாடம் என்று அப்பா சொல்வார். கடைசியாக வந்த வருஷம் அந்தப் பையை அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். தமிழில் ஆரம்பித்ததும், நேரமில்லை, ஆங்கிலத்தில் சுருக்கமாகக் கேளுங்கள் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். யாரையும் குறை சொல்லி மனம் நோகடிப்பது என் நோக்கமல்ல. ஆனால் அந்த மனிதர் எத்தனையோ மைல் தாண்டி வந்து தேடிய விஷயம் பின்வரிசையில் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருவர் தாமாக வந்து மொழிபெயர்த்தார். புறப்படக் கார் நிற்க, பேராசிரியர் பத்து நிமிடம் நின்றபடியே எழுதிக்கொண்டார். வழித்தெடுத்த சோழிகளை இடக்கையில் வைத்துக்கொள்வாரா, பையில் போடுவாரா என்று கேட்டார். இடக்கையில்தான். என்னை ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொது உரை என்று போட்டால் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டாமா? அறிவிப்பு தமிழிலும் வரட்டும். உங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கு முதல் நாளே ஒரு வரி அனுப்பட்டும். மேடையில் மொழிபெயர்க்க ஒரு மாணவரை உட்கார வைக்கட்டும். அவருக்கும் அது நல்ல பயிற்சி. முடிந்தால் அதே உரையை மாலை ஆறு மணிக்கு ஊருக்குள் இன்னொரு முறை வைக்கலாம். கூட்டம் வராது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மே மாத வெயிலில் கம்பன் விழாவுக்கு மூன்று நாளும் வந்து உட்கார்ந்து கேட்கிற ஊர் இது.

தமிழ் அறிவிப்பை அடித்துத் தர நான் கூலி வாங்க மாட்டேன். காகிதம் மட்டும் கொண்டுவந்தால் போதும். சோழிப் பை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. பார்க்க விரும்பும் மாணவர்கள் ஞாயிறு தவிர எந்த நாளும் கடைக்கு வரலாம்.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.