ஒரு வாளி நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நேற்று இரவு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு டார்ட் கிடக்கிறது, எங்கள் நெர்ஃப் விளையாட்டில் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் நுரைத் துண்டு. எப்போது, எப்படிப் போய் விழுந்தது என்று தெரியவில்லை. நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன். அதை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் யோசித்து, அளந்து எழுதிய கடிதமாகிவிடும். அது வேண்டாம்.

என்ன நடந்தது என்பதை மறுபடி சொல்லப்போவதில்லை. எங்கள் அணியிலிருந்து யார் போனார்கள், ஏன் போனார்கள், போகும்போது எந்த டார்ட் பை யாரோடு போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போனவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. அதைவிட என் மேல்தான் அதிகம் இருக்கிறது, ஏன் என்று கீழே வரும். போட்டிக்கு 9 நாள் இருக்கும்போது நாங்கள் 14 பேரிலிருந்து 8 பேரானோம். ஆனாலும் நேற்று ஆடினோம். அரையிறுதி வரை போய், 3-2 என்று தோற்றோம். எங்கள் கொடி அவர்கள் கைக்குப் போன அந்த நொடியில்கூட நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

முதல் நன்றி, பெரிய நன்றி, எங்கள் பயிற்சிக் கூடத்தைப் பெருக்கும் அக்காவுக்கு. பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "எல்லாரும் அக்கான்னுதானே கூப்பிடுறீங்க, அப்படியே எழுதுங்க தம்பி" என்றார்.

ஆறு மாதமாக அவருக்கும் எனக்கும் நடந்த பேச்சு மொத்தமும் ஒரே வாக்கியம்தான். "லைட்டை நாங்களே அணைச்சிடுறோம்க்கா." அதையும் பாதி நாள் அணைக்காமல்தான் போயிருக்கிறோம்.

அந்தத் திங்கட்கிழமை மாலை மீதமிருந்த எட்டுப் பேரும் வெறும் பிளாஸ்டர்களை, அதாவது அந்தப் பொம்மைத் துப்பாக்கிகளை, வைத்துக்கொண்டு நின்றோம். என் வீட்டு அலமாரியிலிருந்து தேறியவை 40 டார்ட், அதிலும் பாதிக்குத் தலை இல்லை. அதனால் டார்ட் இல்லாமலே ஓடி, குனிந்து, விசையை இழுத்து, வாயால் "பட்டுச்சு" என்று சொல்லிப் பயிற்சி செய்தோம். ஸ்பிரிங் பிளாஸ்டரை அப்படி வெறுமனே சுடவே கூடாது. எதிர்க்க ஒன்றும் இல்லாமல் உள்ளே இருக்கும் பிஸ்டன் போய் மொத்தென்று இடிக்கும், நாளடைவில் விரிசல் விடும். தெரிந்தேதான் செய்தோம். வேறு என்ன செய்வது?

அக்கா விளக்குமாற்றோடு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் கிளம்பக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனவர், ஒரு நீல வாளியையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் உங்களோடதுதானே?"

வாளி நிறைய டார்ட். பெஞ்சுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில், ஒலிபெருக்கிக்குப் பின்னால் என்று ஆறு மாதமாக நாங்கள் தொலைத்ததெல்லாம் அதில் இருந்தது. தொலைந்ததைத் தேடக்கூட மாட்டோம், புதிதாக வாங்கிவிடுவோம். "குப்பைன்னு கொட்ட மனசு வரல. என்னைக்காவது கேப்பீங்கன்னு எடுத்து வச்சேன். நீங்க கேக்கவே இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வாளியில் கையை விட்டு அளைந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. அதில் இருந்த அத்தனையும் நேரான டார்ட். வளைந்தவையும் நசுங்கியவையும் துணிப்பையில் தனியாக இருந்தன. தலை பிய்ந்தவை ஒரு சின்ன டப்பாவில். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல் பிரித்து வைத்திருக்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிக் காட்டினார். "நேரா இருந்தா நேரா ஓடுது. கோணலா இருந்தா வட்டம் போட்டு நின்னுடுது. இதுல என்ன இருக்கு தம்பி?"

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நெர்ஃப் என்ற பெயர் 1970இல் கடைக்கு வந்தபோது அது துப்பாக்கியே இல்லை. வீட்டுக்குள் எறிந்தாலும் ஜன்னலும் விளக்கும் உடையாத ஒரு நுரைப் பந்து, அவ்வளவுதான். அதே மென்மைதான் இன்றைய டார்ட்டிலும் இருக்கிறது. 7 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், அரை அங்குலத் தடிமன், எடை ஏறக்குறைய 1 கிராம். மேலே பட்டால் வலிக்காது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு முறை மிதித்தால் போதும், தட்டையாகிவிடும். மேகசினை, அதாவது டார்ட்டுகளை அடுக்கிப் பிளாஸ்டரில் மாட்டும் பெட்டியை, நிரப்பி ஒரு வாரம் அப்படியே பையில் போட்டுவைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அழுத்தி அழுத்தி வட்டத்தை முட்டை வடிவமாக்கிவிடும். கடையில் வாங்கியபடியே இருக்கும் பிளாஸ்டர் நொடிக்கு 70 அடி வேகத்தில் தள்ளும் 1 கிராம் நுரையைக் காற்று எப்படி வேண்டுமானாலும் திருப்பும். கோணல் டார்ட் என்றால் கொஞ்ச தூரத்திலேயே விலகி எங்கோ போகும். நாங்களோ குறி தவறும்போதெல்லாம் பிளாஸ்டரைத் திட்டினோம். ஸ்பிரிங்கை மாற்றலாமா, மோட்டாரை மாற்றலாமா என்று மணிக்கணக்கில் பேசினோம். விலை உயர்ந்த பிளாஸ்டரில் கோணல் டார்ட்டைவிடச் சாதாரண பிளாஸ்டரில் நேரான டார்ட் மேல் என்று இப்போது யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன்.

இத்தோடு முடிந்திருந்தாலே வாழ்நாளுக்கும் கடன்பட்டிருப்பேன். ஆனால் வாளியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வேற டீம் வந்து ஆடுறப்போ, பச்சைக் கோடு போட்டதெல்லாம் அந்தத் தூண்கிட்டயே குமிஞ்சு கிடக்கும். இந்த ஜன்னல் பக்கம் உங்களோடது ஒண்ணுகூட இருக்காது. அந்தப் பக்கம் ஏன் யாரும் சுடுறதில்ல?"

பச்சை வளையம் எங்கள் அணியின் அடையாளம். எட்டுப் பேரும் வாயடைத்துப்போய் நின்றோம். எதிரணிகள் ஒவ்வொரு முறையும் எங்களை உடைத்துக்கொண்டு வந்தது அந்த ஜன்னல் பக்கமாகத்தான். ஆறு மாதமாக வீடியோ எடுத்துப் பார்த்திருக்கிறோம், பலகையில் அம்புக்குறி போட்டுத் திட்டம் வகுத்திருக்கிறோம். தூண் பக்கம் யாராவது தலை காட்டினால் போதும், எல்லோரும் அங்கேயே சுடுகிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தரையைப் பெருக்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜன்னல் பக்கத்துக்கு ஒருவனை நிறுத்தியிருந்தோம். "நீ பார்க்கவே இல்லை, உன்னால்தான் போச்சு" என்று அவனை எத்தனை ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் பேசியிருப்பேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். துணைக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ட்கூட வராமல் தனியாக இரண்டு பேரையும் மூன்று பேரையும் சமாளித்திருக்கிறான். அவன் இப்போது எங்கள் அணியில் இல்லை. தம்பி, இதைப் படிப்பாயா என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது. எல்லோர் முன்னாலும் திட்டினேன், அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், மன்னித்துவிடு.

அடுத்த எட்டு நாளும் பயிற்சி முடிந்தவுடன் பெருக்குவதற்கு முன் அக்காவோடு தரையைச் சுற்றி வருவதுதான் எங்கள் பாடம். யாருடைய டார்ட் எங்கே விழுந்திருக்கிறது என்று அவர் விளக்குமாற்றுக் காம்பால் காட்டுவார். இரண்டாம் நாள் இன்னொரு குட்டு உடைந்தது. எங்கள் மறைப்புக்குப் பின்னால், எங்கள் காலடியிலேயே நல்ல டார்ட்டுகள் சிதறிக் கிடந்தன. சுட்டவை அல்ல, அவசரத்தில் நிரப்பும்போது கைநழுவியவை. அதன்பின் குறிபார்க்கும் பயிற்சியைக் குறைத்து நிரப்பும் பயிற்சியைக் கூட்டினோம். முட்டி போட்டு உட்கார், காலி மேகசினைப் பையில் போடு, புதியதை மாட்டு, பிறகு எழு. உட்காரும் முன் "ரீலோடு" என்று கத்த வேண்டும், பக்கத்தில் இருப்பவர் "நான் இருக்கேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எட்டுப் பேர் இருக்கும் அணியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிரப்ப உட்கார்ந்தால் ஒரு பக்கமே காலி. கூடத்தைக் கடிகாரமாகப் பாவித்து ஆளுக்கொரு துண்டு பிரித்துக் கொடுத்தோம். "பத்து மணி, ரெண்டு பேர்" என்றால் பத்து மணிக்கு உரியவர் மட்டும் திரும்ப வேண்டும், மற்றவர்கள் தங்கள் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. திரும்பாமல் இருப்பதுதான் கஷ்டம். கடைசிவரை எனக்கே முழுதாக வரவில்லை.

ஆறாம் நாள் மாலை ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்த அக்கா, "இன்னைக்கு எனக்கு ரெண்டு பக்கமும் வேலை வச்சிட்டீங்க" என்றார். அன்று எங்களில் ஒருவர் கைதட்டியே விட்டார்.

மற்றவர்களைச் சேர்த்து ஒரே மூச்சில் சொல்கிறேன், வரிசையில் பின்னால் இருப்பதால் குறைவு என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது, வீட்டிலிருந்த அத்தனை கண்ணாடியையும் அள்ளி வந்த பெற்றோர்கள். நடுராத்திரியில், சுழலும் சக்கரங்களால் டார்ட்டைத் தள்ளும் மூன்று மோட்டார் பிளாஸ்டர்களைப் பிரித்து ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, "சக்கரம் சுத்த ஆரம்பிச்சப்புறம் விசையை இழு, முன்னாடியே இழுத்தா சிக்கும்" என்று அதே பாடத்தை நாலாவது முறையாகவும் பொறுமையாகச் சொன்ன அண்ணன். எங்கள் நிலைமை தெரிந்து, டார்ட் போகும் வேகத்தை அளக்கும் வேகமானியை இரண்டு நாள் கடன் கொடுத்த எதிரணி கேப்டன். அவர் கொடுத்திருக்காவிட்டால் வேகச் சோதனையில் எங்கள் பிளாஸ்டர் ஒன்று வெளியே போயிருக்கும். அரையிறுதியில் முதுகுப்பையில் டார்ட் பட்டதை ஒருவரும் கவனிக்காதபோது, தானாகத் தலையில் கை வைத்து "அவுட்" என்று வெளியே நடந்த எதிரணிப் பெண். நடுவருக்கே தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பாதியில் ஆள் குறைந்தபோது "நான் ஓடமாட்டேன், ஆனா நிப்பேன்" என்று வந்து நின்றவர். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

சில வாக்குகளும் கொடுக்க வேண்டும். இனி பயிற்சி முடிந்து கிளம்பும்முன் எண்ணாமல் போகமாட்டோம். எத்தனை எடுத்து வந்தோமோ அத்தனை பைக்குள் போனால்தான் கதவு திறக்கும். மேகசின்களைக் காலி செய்துதான் வீட்டுக்குக் கொண்டுபோவோம். விளக்குமாறு முறை வைத்து ஆளுக்கொரு நாள், நான் திங்கட்கிழமை. "நீங்க பெருக்கினா நான் மறுபடி பெருக்கணும்" என்று அக்கா எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். அது பேச்சுவார்த்தையில் இருக்கிறது. லைட்டை அணைப்போம்.

நேற்று சாயங்காலம் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்று அவர் கேட்கவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "326 குடுத்தேன். எத்தனை வந்துச்சு?"

அங்கேயே உட்கார்ந்து எண்ணினோம். 308 இருந்தது. ஷூவுக்குள் கிடந்த இதையும் சேர்த்தால் 309.

ஆகவே நேற்று ஆடிய எல்லா அணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பைகளைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். தலைக்குக் கீழே பச்சை மையில் வளையம் போட்டது இருந்தால் எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இன்னும் 17 வர வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கணக்குச் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.